துவைத்துக் காயப்போட்ட ஆராய்ச்சி

ஓடைக்கரையில் விழும் இலை எப்படி மக்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னால் எங்கள் திருத்தங்கல் தெருவில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. ஒருவர் மட்டும் அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார். உதவித்தொகை உண்டு, அதுவும் இந்த வருடத்தோடு முடிகிறது என்றேன். அதற்குள் மக்கிவிடுமா என்றார். என் கைடும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. காய்ந்த புங்க இலையை எடைபோட்டு, கொசுவலையில் தைத்த சிறு பைகளில் அடைத்து, நம்பர் அட்டை கட்டி, கரையில் சருகுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அவ்வப்போது சில பைகளை எடுத்து, மிச்சமிருப்பதைக் காயவைத்து எடைபோட வேண்டும். குறைந்திருக்கும் எடைதான் மக்கியது. பைகளைத் தைத்துக் கொடுத்தது அம்மா. எதற்கு என்று கேட்டாள். சொன்னதும் அடுத்த பையை எடுத்துத் தைத்தாள்.

ஓடை என்று பெயர்தான், கோடை முழுக்க அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இலைகளுக்கும் அவசரமில்லை. வைத்த எடையும் எடுத்த எடையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா, சருகுக்குள் உட்காராதே என்று மட்டும் சொல்வாள். பாம்பைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரையில் ஈரம் ஊறி, பைக்குள் இருந்தது ஒருவழியாக மக்கத் தொடங்கியது. கடைசிப் பைகளை எடுக்க வேண்டிய வாரத்தில் எனக்குக் காய்ச்சல். அந்தப் பைகளில்தான் என் பட்டமே இருந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தீபாவளி முடிந்து கம்பெனி லீவு. நானே போய் எடுத்து வருகிறேன் என்று, கூட வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வந்தார்கள். பைகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. சோப்புப் போட்டுத் துவைத்து, மரக்கிளையில் காயப்போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நம்பர் அட்டைகளைத் துடைத்துத் தனியாக ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

“உள்ள இருந்ததெல்லாம் மக்கி நாறிப் போச்சுடி. நல்லவேள, பை கெடல” என்றாள்.

உள்ளே இருந்ததை ஓடையில் கொட்டியாயிற்று. அது போதாதென்று கரையையும் கூட்டியிருந்தார்கள். மழை விட்டு மேல்சருகு காய்ந்திருந்ததாம், ஆடு மேய்க்கிறவர் அங்கேயே உட்கார்ந்து பீடி குடித்தாராம். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் ரூமைச் சுற்றி ஒரு சருகு கிடக்கக் கூடாது, காலையில் போனதும் முதல் வேலை அதைக் கூட்டுவதுதான். அந்தக் கைகளுக்குக் காய்ந்த இலையைப் பார்த்துவிட்டுச் சும்மா வரத் தெரியாது. கூட்டி அள்ளி, தண்ணீர் ஊற்றி நனைத்து, குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். எரித்துவிடலாம் என்ற யோசனை மட்டும் இரண்டு பேருக்கும் வரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காய்ச்சலே மறந்துவிட்டது. ஒரு வருட உழைப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டாயே என்று கத்தினேன். அத்தை நைசாக எழுந்து போய்விட்டார். அம்மா, மடித்த பைகளை மறுபடி மடித்தாள்.

“காஞ்ச எலையில தீ ஓடுறத நீ பாத்ததில்ல. நான் பாத்துருக்கேன். ஒங்க பெரியம்மா வேல பாத்த ரூமுக்கு அப்படித்தான் போச்சு. நீ அம்புட்டுச் சருகுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டு இருக்க. வருசம் பூரா நான் எப்படி இருந்திருப்பேன்?”

பெரியம்மா கம்பெனி விபத்தில் இறந்தது எனக்குத் தெரியும். நான் அப்போது கைக்குழந்தை. தீ எந்த வழியாக வந்தது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. அதற்கு மேல் கத்த வரவில்லை. அழுகைதான் வந்தது. குளிருகிறது என்று சொல்லிப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

நடந்ததைக் கேட்ட கைடு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். துவைத்துக் காயப்போட்ட ஆராய்ச்சியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். இன்னொரு வருடம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார், உதவித்தொகை இல்லாமல். அம்மா அதே பைகளில் பிரிந்த தையலை எல்லாம் மறுபடி போட்டாள்.

இந்தத் தடவை ஓடைக்கு அவளும் வந்தாள், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு. நான் வேலை பார்த்து முடிக்கும்வரை குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கூட்டக் கூடாது என்பதற்காகக் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். தாகத்தில் நாக்கு வறண்டாலும் அந்தக் குடத்தைத் தொட விடமாட்டாள், அது குடிக்கிற தண்ணீர் இல்லை என்பாள். ஒவ்வொரு முறையும் மக்கிவிட்டதா என்று கேட்பாள். இல்லை என்றால் முகம் சுண்டிப்போகும். என் கைடுகூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

மழைக்குப் பிறகு கடைசிப் பையைப் பிரித்தோம். உள்ளே கறுப்பாக, காபிச் சக்கை போல ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்றாள். தொடு, சிந்திவிடாதே என்றேன். ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“இனி இதுல தீ ஓடாதுல்ல?”

“ஓடாதும்மா.”

குடத்தைச் சாய்த்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள். மிச்சத்தில் அவளும் குடித்தாள்.