ஆரென்று கேட்காத வீடு

எங்கள் வீட்டில் போனுக்குப் பூட்டுப் போடும் வழக்கமே இருக்கவில்லை. கற்பிட்டிக் கரையில் கடலுக்குப் போகிற வீடுகள் பலதும் அப்படித்தான். படகில் யாருடைய போனில் சார்ஜ் இருக்கிறதோ அதிலிருந்துதான் என் கணவர் கூப்பிடுவார். எந்த நம்பர் வரும் என்று சொல்ல முடியாது, சிக்னலும் வந்து வந்து போகும். ஆகவே பக்கத்தில் நிற்பவர் போனை எடுத்து, ஆரென்று கேட்டு நேரத்தை மினக்கெடுத்தாமல், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். என் மாமி, அவருடைய தாய், அதில் மகா கெட்டிக்காரி. "ஓம், சொல்லு" என்றுதான் போனை எடுப்பார்.

கொரோனாக் காலத்தில் எனக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தது. நோயாளிகளின் காப்புறுதி விண்ணப்பங்களைப் பதிய வேண்டும். அவர்களுடைய அடையாள அட்டை இலக்கம், என்ன நோய், வருத்தம் எல்லாம் என் சொந்த லெப்டொப்பில் திறக்கும். உள்ளே போக என் போனுக்கு மெசேஜில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதை எவருக்கும் சொல்லக் கூடாது, போனைப் பூட்டி வைக்க வேண்டும் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்தைப் போட்டேன், பூட்டைப் போடவில்லை. கடவுச்சொல்லாவது ஒழுங்காக இருந்ததா? எங்கள் படகின் பெயர். பேஸ்புக்கில் நானே போட்ட படத்தில் அது கொட்டை எழுத்தில் கிடந்தது. வருடக்கணக்காகத் தேடிக் கிடைத்த வேலையை அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை நான் உடுப்புக் கழுவிவிட்டு வந்ததும் மாமி விஷயத்தைச் சொன்னார். ஒபிஸில் இருந்து மரியாதையான ஒரு பெடியன் பேசினான், மெசேஜில் வந்த இலக்கத்தைக் கேட்டான், கண்ணாடியைப் போட்டு வாசித்துக் கொடுத்தாராம். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரென்று கேட்காமல் ஏன் கொடுத்தீர்கள் என்று கத்திவிட்டேன்.

"போன்ல ஆரெண்டு கேட்டுப் பழக்கமில்லையே பிள்ளை" என்றார்.

மறைத்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு மேலாளருக்குப் போன் எடுத்தேன். என் வாயில் வந்த முதல் வசனம், "மாமிதான் குடுத்தவ மிஸ்." அவர் உடனே என் கணக்கை மூடினார். யாரோ உள்ளே வந்திருந்தான், ஆனால் ஒன்றையும் திறக்கவில்லையாம். ஒரு கிழமை வேலை இல்லாமல் இருந்தேன். உடனே சொன்னபடியால் திரும்ப வேலைக்கு எடுக்கிறோம், இன்னொரு முறை என்றால் இல்லை என்றார்கள்.

போனுக்குப் பூட்டு வந்தது. பூட்டினாலும் வருகிற கோலை எடுக்கலாம், ஆகவே மாமிக்கு நான் வகுப்பும் எடுத்தேன். எடுத்ததும் முதலில் ஆரென்று கேட்க வேண்டும், எங்கிருந்து என்று கேட்க வேண்டும், பிறகுதான் கதை. மாமி நன்றாகவே பழகிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு காலை நடுக்கடலில் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. கணவர் யாரோ ஒருவரின் போனில் கூப்பிட்டிருக்கிறார். ஒரே காற்று இரைச்சல். மாமி ஆரென்று கேட்டார், எங்கிருந்து என்று கேட்டார், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. இன்னொரு படகு கண்டு இழுத்து வந்தபோது பின்னேரமாகிவிட்டது.

கணவர் வந்ததும் வராததுமாகத் தாயிடம் பாய்ந்தார். பெற்ற பிள்ளையையே ஆரென்று கேட்க யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு விளங்கல்ல மகன். வயசு போயிட்டுது."

நான் அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்றேன். அழுகை வந்தது.

"நான்தான் சொல்லிக் குடுத்தது" என்றேன்.