புகை குடித்த கண்ணாடி

புகையேறிய ரப்பர் ஷீட்டின் வாடை பாதி புளிப்பு, பாதி கருகல். நேற்று மார்த்தாண்டம் பஸ்ஸில் ஒருவர் அந்த ஷீட் கட்டு ஒன்றை மடியில் வைத்திருந்தார். மழைக்காகச் சன்னல்களை அடைத்திருந்தார்கள். இறங்கும்வரை எனக்கு எங்கள் தொலைநோக்கியின் ஞாபகம்தான். வானத்தை நினைவூட்ட எனக்கு வாய்த்த வாடை அது.

தங்கை வளைகுடாவில் நர்ஸ். டிசம்பரில் ஒரு மாத லீவில் வந்தவள், பெட்டியைத் திறக்கும் முன்பே கேட்டாள்.

“அண்ணா, சனியோட வளையத்த நீ கண்டிருக்கியா?”

“படத்தில.”

“படம் கெடக்கட்டு. நட்சத்திரம் நட்சத்திரம்னு இத்தன எழுதியிருக்கியே, ஒண்ணையாவது உத்துப் பாத்தியா?”

பார்த்ததில்லை. அவள் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களோடு பாலைவனத்துக்குப் போனபோது யாரோ ஒருவரின் தொலைநோக்கியில், அரை நிமிடம். அன்றைக்கே போனில் சொன்னாள். நான் ஒரு உவமையைச் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேனாம். அது அவளுக்குள் முள்ளாகக் கிடந்திருக்கிறது. திரும்பிப் போவதற்குள் அதை என் கண்ணில் காட்டிவிட வேண்டும். அந்த லீவில் அவள் வைத்துக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

மார்த்தாண்டத்தில் ஒரு கேமரா கடை. கடைக்காரர் ஒல்லியான, நீளமான வெள்ளைக் குழாயை எடுத்து நிறுத்தினார். பெட்டி முழுக்க நிறநிறமாக மேகங்கள், ஐநூறு மடங்கு என்று கொட்டை எழுத்து. நான் அப்போதே மயங்கிவிட்டேன். தங்கை அதன் முக்காலியை ஒற்றை விரலால் தொட்டாள். குழாய் ஆடி அடங்க வெகுநேரமாயிற்று.

“இதுக்கு வெறயல் காய்ச்சலாக்கும். எதப் பாத்தாலும் துள்ளும். மடங்கு கெடக்கட்டு, வாய் எத்தன அகலம்?”

“என்னத்தப் பாக்கப் போறிய?” என்றார் கடைக்காரர்.

“சனிய.”

“சனி நம்மளப் பாக்கக்கூடாதுன்னு ஊரே எள்ளுவெளக்கு போடுது. நீங்க துட்டு குடுத்துப் போய்ப் பாக்குதியளா?”

மேல்தட்டில் தூசியோடு இருந்த ஒன்றை அவள் இறக்கச் சொன்னாள். குட்டையானது, தடியானது. அடியில் குழிந்த கண்ணாடி, ஐந்து அங்குல வாய். சுழலும் ஒரு மரப்பலகையில் அசையாமல் உட்கார்ந்தது.

“சோத்துப்பானை மாதிரி இருக்கே” என்றேன்.

“மழவெள்ளம் பிடிக்க நீ செம்பு வைப்பியா, உருளி வைப்பியா? வெளிச்சமும் அப்பிடித்தான்.”

பானையே வீட்டுக்கு வந்தது. கூடவே மழையும் வந்தது. எங்கள் பக்கத்து மழை செருப்பிலும் பூசணம் பூக்க வைக்கும். கண்ணாடியில் பூத்தால் என்ன செய்வது? வீட்டில் ஈரமில்லாத இடம் ஒன்றுதான்: பின்பக்கத்துப் புகைப்புரை. ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி உலர்த்தும் அறை. தங்கையிடம் சொல்லாமல் தொலைநோக்கியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். உள்ளிருக்கும் ஈரமும் போகட்டும் என்று மூடியைக் கழற்றியும் வைத்தேன். இவ்வளவு யோசித்து நான் செய்த காரியங்கள் குறைவு.

பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் மேகம் விலகியது. மொட்டைமாடியில் ஸ்டூல்மேல் அதை வைத்து அவள் கண்ணைப் பதித்துப் பார்த்தாள். பிறகு குழாய்க்குள் டார்ச் அடித்தாள். அடியில் கண்ணாடி இல்லை. பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. மோந்து பார்த்தாள்.

“மூடிய எதுக்குக் கழத்துன?”

“ஈரம் போவட்டும்னு...”

“ஷீட்டுக்கு நடுவுல வானத்தயும் காயப்போட்டியா? ரெண்டு கருவாடும் தொங்கவிட்டிருக்கலாமே!”

சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. லீவில் ஆறு நாள் மிச்சம்.

மறுநாள் கண்ணாடியைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் சோப்புத்துளி விட்டுக் கிடத்தினாள். தேய்க்கவில்லை. நனைந்த பஞ்சை அதன் எடைக்கே இழுத்தாள், தீப்புண்ணைத் துடைப்பதுபோல. நான் பாத்திரம் பிடித்து நின்றேன். புகை மஞ்சளாக இறங்கியது. ஓரத்தில் தேமல்போல் ஒரு கறை மட்டும் போகவில்லை. திரும்பப் பொருத்தி, திருகுகளை முடுக்கி நேராக்க இன்னொரு நாள். பிறகு மறுபடியும் மழை.

கடைசி நாள் ஏழு மணிக்குத் திருவனந்தபுரம் விமானநிலையத்துக்குக் கார். ஆறரைக்கு மேகம் கிழிந்தது. உச்சிக்குச் சற்றுத் தெற்கே மங்கிய மஞ்சளில் ஒரு பொட்டு. பயண உடையோடு மாடிக்கு ஓடினாள். கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் குழாயைச் சரித்து, நகர்த்தி, விலகி நின்றாள்.

“வெரசா பாரு. பூமி சுத்துது, நிக்காது.”

பார்த்தேன். வளையத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு சின்ன மணி, அதன் குறுக்கே மெல்லிய கோடு. அவ்வளவுதான். அது பார்வை வட்டத்தைவிட்டு மெதுவாக வழுக்கி வெளியேறியது.

காரில் ஏறிச் சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“கண்டியா? பொய் சொல்லப்பிடாது.”

“வளையம் தெரியல மக்கா. ஒரு முத்துல ஊசி குத்துன மாதிரி, ஒரு கோடு.”

“அதுதாண்ணா வளையம். இந்த வருசம் நமக்கு அதோட ஓரந்தான் தெரியும்.” கார் நகர்ந்தது. “கோடுன்னே எழுது. ஒண்ணும் கூட்டாத, கேட்டியா?”