கம்ப்யூட்டருக்குத் தெரியாத பஷீர் பாய்

மரக்காணத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதுதான் பஷீர் அஹமதுவுக்குத் தொழில். ஊறுகாய் பாட்டில், அட்டைப்பெட்டி, அழுகிற மாமியார் என்று எல்லாவற்றையும் பழைய சுமோவில் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் பறப்பார். ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி வைத்தவர், விமானத்தின் அடிவயிற்றைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு பெருமை. வாழ்நாளில் கடன் வாங்கியதில்லை. வட்டி என்ற சொல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தால்கூட அந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாது. உப்பு லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தை மொத்தமாகக் கொடுத்துத்தான் அந்தச் சுமோவையே வாங்கினார்.

2005-இல் மகள் ஹம்னா ஷார்ஜாவில் ஆண் பிள்ளை பெற்றாள். மருமகன் மாமியாருக்கு விசா ஏற்பாடு செய்து, டிக்கெட்டும் தானே எடுப்பதாகச் சொன்னார். "பொண்ணு குடுத்த எடத்துல டிக்கெட்டுக்குக் காசு வாங்கறதா?" என்று பஷீர் பாய் முறைத்தார். அவருடைய மனைவி சைபுன்னிசா பேரனின் போட்டோவைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து மூடினாள். எப்போது அனுப்புவீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சண்டை போடுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். கேட்காமலே இருக்கிறவளை என்ன செய்வது?

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெட்ரோல் பங்கில் கலர் குடை விரித்து உட்கார்ந்தான் கிறிஸ்டி. கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற பாண்டிச்சேரிப் பையன். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தான்.

"பாய், நீங்க போடற டீசலுக்குப் பாயின்ட் ஏறும். பாயின்ட் சேந்தா பிளைட் டிக்கெட்டு."

"வட்டி?"

"தேதிக்குள்ள கட்டிட்டா ஒரு பைசா வட்டி இல்ல பாய்."

பஷீர் பாய் கோல்டு கார்டுக்குக் கையெழுத்துப் போட்டார். போட்டோவுக்குத் தலை வாரிக்கொண்டார்.

அடுத்த மாதம் கிறிஸ்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ரிஜெக்ட் ஆயிடுச்சு பாய். கம்ப்யூட்டர்ல உங்களுக்குக் கடன் ரெக்கார்டே வரல."

"நான் யாருக்குடா பாக்கி வெச்சிருக்கேன்?"

"அதான் பாய் பிரச்சனையே. யாருக்கும் வெச்சதில்ல. லோன் வாங்கி ஒழுங்காக் கட்டியிருந்தா ரெக்கார்டு இருக்கும். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நேத்துப் பொறந்த கொழந்த மாதிரி இருக்கீங்க."

பஷீர் பாயின் தாடி துடித்தது. அதைவிடப் பெரிய அநியாயம் பக்கத்து வீட்டில் நடந்தது. அங்கே இருக்கும் சிங்காரத்தின் டி.வி., ஃபிரிட்ஜ், பைக் எல்லாமே தவணைதான். தவணை முடிந்தது கட்டிலும் பொண்டாட்டியும் மட்டும். அந்தச் சிங்காரத்துக்குக் கோல்டு கார்டு வீடு தேடி வந்தது.

"பாரு பாய், என்னமா மின்னுது!" என்று மதில் மேலிருந்து காட்டினான்.

"எங்க தேய்ப்ப அத? மரக்காணத்துல எந்தக் கடையில மிஷின் இருக்குது?"

"அது இல்லதான். முதுகு சொறியலாம்."

மறுநாள் பஷீர் பாய் கிறிஸ்டியின் டையைப் பிடிக்காத குறையாக நின்றார். "தெனம் கடன்ல முழிக்கிறவன் யோக்கியன், கடனே வாங்காதவன் அட்ரஸ் இல்லாதவனா? இதெல்லாம் எந்த ஊரு நியாயம்பா?"

"கோவப்படாதீங்க. உங்க நிலமைக்குக் கோல்டு சரிப்படாது. அது வாங்கினாலும் வருஷக் கட்டணமே தின்னுடும். டெபாசிட் கார்டு இருக்கு. இருவதாயிரம் பேங்க்ல போடுங்க, அத வெச்சி பெட்ரோல் கார்டு தருவாங்க. ஒரு வருஷம் கரெக்டா கட்டுங்க, ரெக்கார்டு வந்துடும். அப்புறம் பிளைட்டு கார்டு கேக்கலாம்."

"என் காசை நீ வாங்கி வெச்சிக்கினு, எனக்கே கடன் குடுப்பியா?"

"டெபாசிட்டுக்கு வட்டியும் உண்டு பாய்."

"வட்டி வேறயா!" அந்தக் குரலுக்குப் பங்கில் காற்றடித்துக்கொண்டிருந்தவன் டயரை விட்டுவிட்டான். வட்டிக் காசு தப்பித்தவறிக் கைக்கு வந்தால் பொதுக் கக்கூஸ் கட்டத்தான் கொடுக்க வேண்டும் என்பது பஷீர் பாய் வீட்டுச் சட்டம்.

ஆனாலும் மனுஷன் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே டிங்கர் வேலைக்கென்று சேர்த்த இருபதாயிரம் இருந்தது. உப்புக்காற்று சுமோவின் பின்கதவை அப்பளமாகப் பொரித்து வைத்திருந்தது.

"எங்க எடுத்துனு போறீங்க?" என்றாள் சைபுன்னிசா.

அவர் சொன்னார். பேங்க், கம்ப்யூட்டர், சிங்காரம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திட்டியபடி சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"இந்தப் பாயின்ட்டெல்லாம் சேந்து டிக்கெட்டு எப்ப வரும்?"

"மூணு வருஷம் ஆவும். சவாரி நல்லா ஓடினா."

"டிக்கெட்டு என்ன வெல?"

"போக வர பதினேழாயிரம்."

சொன்ன பிறகுதான் பஷீர் பாய்க்கே காதில் விழுந்தது. கையிலிருந்த நோட்டுக்கட்டைப் பார்த்தார். சைபுன்னிசா எழுந்து நின்றாள்.

"பேங்குல போடறதுக்கு இருக்கற காசு எனக்கு டிக்கெட்டு போடறதுக்கு இல்லையா? மூணு வருஷத்துல அவன் பள்ளிக்கூடம் போயிடுவான். நான் போய் அவன் பையைத் தூக்கவா? கம்ப்யூட்டருக்கு உங்களத் தெரியலன்னு இந்தக் குதி குதிக்கிறீங்களே, நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கறது உங்களுக்குத் தெரியுதா?"

கேட்காதவள் கேட்டுவிட்டாள். பஷீர் பாய்க்குத் திட்ட ஆள் யாரும் மீதியில்லை.

"இது டிங்கர் காசு, சைபு" என்றார் பலவீனமாக. "கதவு விழுந்துடும்."

"கயித்துல கட்டுங்க."

கயிற்றில்தான் கட்டினார். அந்தக் கதவோடுதான் அவள் விமான நிலையம் போனாள். எத்தனையோ பேரின் பெட்டியை அலட்சியமாக இறக்கி வைத்தவர், அன்றைக்கு ஒரு பையை நாலுமுறை கை மாற்றிப் பிடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மறைந்த பிறகும், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்ன போலீஸ்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

இரண்டாம் நாள் கிறிஸ்டி போன் செய்தான். "வீட்ல ஃபாரின் போயிருக்காங்களாமே பாய்! அதக் காட்டி கோல்டு கார்டுக்கு இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா?"

"போன வைடா, லைன பிஸி ஆக்காத! ஷார்ஜாலேர்ந்து போன் வரும்."

வந்தது. பின்னால் ஒரு சின்னக் குரல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள் சைபுன்னிசா, சிரிப்பை அடக்க முடியாமல். "தூக்கத்துலகூட யார் கூடவோ சண்ட போடறான். அப்படியே உங்க மூஞ்சி."

"கத்தட்டும் விடு," என்றார் பஷீர் பாய், மூக்கை உறிஞ்சியபடி. "ஏதாவது நியாயம் இருக்கும்."