ரோசம்மாள் அவர்கள் காத்த கிணறு

செவ்வாய்க்கிழமை காலை, கிடங்கு வாயிலில் ரோசம்மாள் அவர்களின் கணவர் வந்து நின்றார். தலைத்துண்டு கையில் இருந்தது. "காய்ச்சல்ல போய்ட்டாப்பா. இன்னிக்கு வேலைக்கு வர மாட்டா, மேஸ்திரிகிட்ட சொல்லிடு" என்றார் என்னிடம். செத்த பிறகும் வராததற்குக் காரணம் சொல்ல வேண்டிய பிழைப்பு எங்களுடையது.

வேலூருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது பட்டாளத்து எண்ணெய்க் கிடங்கு. ரயிலில் வரும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை அங்கே அடுக்குகிறோம். மேட்டுக்குக் கீழே எங்கள் சேரி. சேரிக்கு ஒரே கிணறு. அது கெட்டால் ஊர்க் கிணற்றில் எங்களை யாரும் வாளி விட விடமாட்டார்கள். ரோசம்மாள் அவர்கள் ஆம்பூரில் பிறந்தவர். தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் இறங்கித் தம் தெருக் கிணறு பாழானதைக் கண்ணால் கண்டவர்.

பீப்பாய் மூட்டுகளில் சுண்ணாம்பு பூசுவது அவர் வேலை. காய்ந்த வெள்ளையில் கறை படர்ந்தால் அங்கே எண்ணெய் கசிகிறது என்று பொருள். அந்தப் பீப்பாயை உடனே காலி செய்ய வேண்டும். மேஸ்திரிக்கோ அது பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் வெள்ளை மாதிரி. பளிச்சென்று இருந்தால் போதும்.

போன வருஷம் துரை பார்வையிட வந்த அன்று, கறைகளின் மேலேயே இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னார் மேஸ்திரி.

"மேல பூசினா ஓட்டை அடைஞ்சிடுமா? இன்னும் கொஞ்ச நேரத்துல கறை வந்துடும் மேஸ்திரி."

"பேஜார் பண்ணாத. அடிம்மா."

அடித்தார். துரை வரத் தாமதமாயிற்று. அவர் வந்தபோது பதினோரு பீப்பாய்களில் கறை மறுபடியும் படர்ந்திருந்தது. பூசியவள் சரியில்லை என்று மேஸ்திரி பழியைத் திருப்பினார்.

"பூச்சு நல்லாத்தான் கீது தொரை. பீப்பா ஒழுவுது. கீழ எங்க கெணறு கீது" என்றார் ரோசம்மாள் அவர்கள்.

துரையோடு வந்த கிளார்க் கிணற்றை விட்டுவிட்டு மொழிபெயர்த்தார். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷில் கிணற்றை நான் சேர்த்தேன்.

துரைக்கு எங்கள் மேல் கரிசனம் என்று யாரும் எண்ண வேண்டாம். எண்ணெய் வீணாவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒழுகும் பீப்பாய்களைக் காலி செய்து, எண்ணெய் வழிந்தோடாமல் கிடங்கை அடுத்து மண்கரை போட உத்தரவிட்டார். கரையையும் அவர் கண்ணில் படும்படி வாசல் பக்கமே போடத் தொடங்கினார் மேஸ்திரி. ரோசம்மாள் அவர்கள் ஒரு குடம் தண்ணீரைக் கிடங்கு வாசலில் கொட்டினார். அது பின்புறமாக ஓடிச் சேரியை நோக்கி இறங்கியது.

"தண்ணி போற எடத்துக்குத்தான் எண்ணெயும் போவும். அங்க போடுங்க."

கூலியாட்கள் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மண்வெட்டிகள் பின்பக்கம் போயின.

இந்த மாசியில் ஒரு பீப்பாய் பிளந்தது. எண்ணெய் முழுதும் கரைக்குள்ளேயே நின்றது. வாளியால் மொண்டு எடுத்தோம். இப்போது கறை கண்டால் மேஸ்திரியே காலி செய்யச் சொல்கிறார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிணற்றடிக்கு வந்தோம். ரோசம்மாள் அவர்களின் மகள் ஒரு வாளி இறைத்துத் தகப்பனாரிடம் நீட்டினாள். அவர் இரு கைகளிலும் ஏந்தி நிறையக் குடித்தார். பிறகு நாங்கள் குடித்தோம். துளி வாடை இல்லை.

போய் வாருங்கள் அக்கா. மேட்டின் மேல் கண் வைக்க நாங்கள் இருக்கிறோம்.