இலை போட இடமில்லாத வெந்நீர்

கோப்பாய்ப் பஞ்சலிங்கத்தார் மலாயா ரயில்வேயில் காலமெல்லாம் கிளாக்கராக இருந்துவிட்டுப் பென்சனோடு ஊர் திரும்பியவர். எதையும் இரண்டு பக்கமும் யோசிப்பார். குடையை எடுப்பதா விடுவதா என்று வாசற்படலையில் நின்று யோசிக்கிற நேரத்தில் பஸ் போய்விடும்.

1936இல் ஒரே மகள் குணலட்சுமி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவள் பிறந்தபோது பஞ்சலிங்கத்தார் ஈப்போவில் இருந்தார். தந்தி கிடைத்தது, சந்தோஷப்பட்டார், அவ்வளவுதான். இந்தமுறையாவது வீட்டுக்கு ஓர் உபகாரம் செய்ய வேண்டுமென்று மனம் கிடந்து தவித்தது. பிள்ளை பெற்றவள் குளிக்கச் சுடச்சுட வெந்நீர் வேண்டும். அதற்காக மனைவி இரத்தினம்மா புகைக்குள் கிடந்து வேகக்கூடாது. எல்லாம் தன் பொறுப்பு என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கொழும்புக்கு ரயிலேறினார்.

கடையில் இரண்டு விதமான வெந்நீர் இயந்திரங்கள் இருந்தன. ஒன்று செப்புப் பீப்பா. நிரப்பி அடியில் நெருப்பு மூட்டினால் சூடு நெடுநேரம் நிற்கும். மற்றதற்குப் பீப்பாவே கிடையாது. சுருட்டிய குழாய்க்குள் தண்ணீர் ஓட ஓடச் சுடும்.

ஒரு வாளித் தண்ணீருக்காகப் பீப்பா முழுவதையும் காய்ச்சுவது வீண் விறகு என்று பட்டது. குழாயை வாங்கலாமென்றால், கிணற்றில் துலாவால் இறைக்கிற தண்ணீர் தானாக ஓடாது, உயரத்தில் தொட்டி கட்ட வேண்டும். பீப்பாவே வேண்டாத இயந்திரத்துக்குத் தொட்டி கட்டுவதா? தலை சுற்றியது. ஊருக்கு வந்து யோசித்தார். திரும்பவும் கொழும்புக்குப் போனார். இவர் கேட்ட கேள்விகளில் கடைக்காரருக்கே எது நல்லதென்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்ததால் பீப்பாதான் பெறுமதி என்று முடிவு கட்டினார்.

பேரன் பிறந்தான். குளிக்க வார்க்கிற நாளன்று பீப்பாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கத்தார் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். பக்கத்து வளவுச் சிவக்கொழுந்துக் கிழவி, ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கெல்லாம் குளிக்க வார்ப்பவள், நொச்சியும் ஆமணக்கும் வேம்புமாக ஒரு கட்டு இலையோடு வந்தாள். இலை அவிந்த தண்ணீரில்தான் வார்ப்பது. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி அவருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

"தம்பி, உதுக்கை இலையை எங்கை போடுறது?"

அவர் பீப்பாவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். மற்றதை வாங்கியிருந்தால் அந்தக் குழாய்க்குள் ஒரு வேப்பிலைகூட நுழைந்திராது என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது. அந்த உற்சாகத்தில் மூடியைத் திறந்து கட்டு முழுவதையும் தானே உள்ளே திணித்தார்.

இலை அவிந்து அடியில் இறங்கித் தண்ணீர் வரும் திருகுவாயை அடைத்தது. பச்சையாக நாலு சொட்டு வந்தது, பிறகு அதுவும் நின்றது. எண்ணெய் வைத்த தலையோடு குணலட்சுமி பலகையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கத்தார் திருகுவாயைத் தட்டினார், முறுக்கினார், கையைச் சுட்டுக்கொண்டார்.

இரத்தினம்மா தண்ணீர் நிறைத்த பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றினாள், வேலியோரம் போய் வேறு இலை ஒடித்துக்கொண்டு வந்தாள், குனிந்து நெருப்பை ஊதினாள். எதையும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் திடீரென்று ஒரு கேள்வி வந்தது. இத்தனை வருஷமும் அவருக்கு வராத கேள்வி.

"குணம் பிறக்கேக்கை உமக்கு ஆர் தண்ணி வைச்சது?"

"அம்மா அதுக்கு முந்தியே கண்ணை மூடிட்டா. ஆர் வைக்கிறது? நான்தான் எழும்பி வைச்சனான்."

குறை சொல்கிற குரல் அல்ல அது. அதுதான் அவரைச் சுட்டது. இதற்கு இரண்டாவது பக்கம் இருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் குந்தினார். இரத்தினம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். புகை கண்ணைக் கரித்தது.

கையில் விறகுக்கான ஒரு பனைமட்டையை வைத்துக்கொண்டு, "இதை எந்தப் பக்கத்தாலை வைக்கிறது?" என்று அவளிடம் கேட்டார்.