ஏசி தண்ணீர் குடித்த மூங்கில்

வீட்டுக்குள் வைக்கிற செடிகளை விற்றுப் பராமரிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: செடி வாய் திறந்து குறை சொல்லாது, அதற்கும் சேர்த்து அதன் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலும் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில், கூழாங்கற்களுக்கு நடுவே லக்கி பாம்பூ என்று மூன்று தண்டு நிற்கும். நுனி கருகிக்கொண்டிருக்கும். தண்ணீர் மாற்றியிருப்பீர்கள், இடம் மாற்றியிருப்பீர்கள், கடைசியில் விற்றவனைத் திட்டியிருப்பீர்கள். அப்படித் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். ராமநாதபுரத்தில் இருக்கிறேன். திட்டியவர்களும் உட்கார்ந்து கேட்கலாம், நம் கஷ்டம் ஒன்றுதான்.

குவளையில் வெள்ளைக் கோடு

அப்போது நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தேன். என் மனைவி செல்வி நோயில் விழுந்து, சன்னலோரக் கட்டிலோடு கிடந்தாள். பார்க்க வந்த உறவினர் ஒருவர் எல்லோரையும் போல ஆரஞ்சுப் பழம் வாங்கி வராமல், குவளையில் மூன்று தண்டு மூங்கிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு அது பிடித்துவிட்டது. கட்டிலிலிருந்து பார்க்கும் உயரத்தில் வைக்கச் சொன்னாள்.

ஒரே மாதத்தில் இலை நுனியெல்லாம் காபிப்பொடி நிறமாகிவிட்டது. நான் உரம் வாங்கினேன். சன்னலைத் திறந்தேன், பிறகு மூடினேன். போர் தண்ணீரைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மாற்றினேன். நான் எவ்வளவு கவனித்தேனோ அவ்வளவு கருகியது. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்குத்தான் குவளையின் உள்பக்கம் வளையம் வளையமாகப் படிந்திருந்த வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சொன்னாள்: “அது எங்கங்க தண்ணியக் குடிக்குது, உப்பையில்ல திங்குது.”

ஒழுகுகிற தண்ணீர்

எங்கள் ஊரில் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக வாங்கித்தான் சமைக்கிறோம். அதைச் செடிக்கும் ஊற்றினால் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒருநாள் கடைவீதியில் நடந்துபோகும்போது மேலேயிருந்து ஏசி தண்ணீர் தலையிலும் சட்டையிலும் சொட்டியது. சட்டையில் காய்ந்த பிறகு பார்த்தேன், ஒரு கறைகூட இல்லை. மறுநாள் இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து, ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் ஏசி தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தேன். முதல் தட்டில் கோலம் போட்டதுபோல் உப்பு. இரண்டாவது தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. நான் படித்த படிப்பு அந்த இரண்டு தட்டுதான்.

அன்றிலிருந்து ஒரு அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம் கேனோடு போய் நிற்பேன். செல்வியின் மூங்கிலில் கருகிய இலைகள் உதிர்ந்து புதுக்குருத்து விட்டது. அதை அவள் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் கேனை எடுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. அங்கே காவலுக்குப் புதிதாக வந்த பெரியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு நாள் பொறுத்துப் பார்த்து, ஐந்தாம் நாள் கேனைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஏலே, இந்த ஊர்ல தண்ணி திருடுறவனைப் பாத்திருக்கேன். ஒழுகுறதைத் திருடுறவனை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

லக்கியும் இல்லை, மூங்கிலும் இல்லை

மூன்று தண்டிலும் விட்ட பக்கக் குருத்தை வெட்டி ஆறாக்கினேன், ஆறு முப்பதானது. காயில் கட்டும் கைக்கு நடுக்கம் வந்து கடையை விட்டு நின்றபோது செடிதான் தொழில் என்றாகிவிட்டது. முதல் பெரிய வாடிக்கை கீழக்கரையில் பரீதா என்ற அம்மா. கணவர் துபாயில். புது வீட்டு ஹாலுக்கு ஒரு மூங்கில் வேண்டும் என்றார். ஆனால் லக்கி என்ற பேச்சை அவர் வீட்டில் எடுக்கக்கூடாது, நல்லது கெட்டது அல்லாஹ் கையில், பச்சையாக இருந்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. அம்மா, இது உண்மையில் மூங்கிலே இல்லை, பார்க்க அப்படி இருக்கிற வேறு ஜாதிச் செடி, நிஜ மூங்கிலை ஹாலில் வைத்தால் வெளிச்சம் போதாமல் இலை கொட்டிவிடும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

வியாபாரம் போயிற்று என்று நினைத்தேன். அவர் போனில் கணவரைக் கூப்பிட்டுச் செடியைக் காட்டினார். லக்கியும் இல்லை, மூங்கிலும் இல்லை, பிறகு எதற்கு அந்தப் பேரைச் சொல்கிறார்கள் என்று அவர் அங்கிருந்து கேட்பது எனக்கே கேட்டது. பரீதா அம்மா போனை வைத்துவிட்டு, செடியை எங்கே வைப்பது என்று இடம் காட்டியபடி சொன்னார்: “ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வந்துட்டு எங்க மச்சான் இந்த வீட்டு ஆம்பளைன்னு பேரு வாங்கலையாண்ணே? இதுவும் மூங்கில்னு பேரு வாங்கிட்டுப் போகட்டும்.”

ஈர வேட்டி

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் மேனேஜர் முத்துவேல், திருவாடானைக்காரர். வரவேற்பறையில் இரண்டு தடவை வெளியூரிலிருந்து செடி இறக்கி, இரண்டு தடவையும் உப்புக் காற்றில் போய்விட்டது. முதலாளி வெறுத்துப்போய் எல்லாம் பிளாஸ்டிக்கே வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டார். முத்துவேல்தான் என்னை நம்பிக் கடைசியாக ஒரு தவணை கேட்டு வாங்கினார். பன்னிரண்டு தொட்டி. தை அமாவாசைக்கு முதலாளி வருவார். அன்றைக்கு ஒரு தண்டு மஞ்சளாக இருந்தாலும் பிளாஸ்டிக். அந்தத் தெருவில் இன்னும் மூன்று லாட்ஜ்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது நிலைத்தால் எனக்குத் தொழில் உண்டு. இல்லையென்றால் நடுங்குகிற கையோடு மறுபடி காயில் கடை வாசலில் போய் நிற்கவேண்டும்.

தங்கச்சிமடம் ஆரோக்கியத்தின் வேனில் செடிகளை ஏற்றினேன். அவர் அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் வண்டி ஓட்டுகிறார். பாம்பன் பாலத்தில் அடிக்கிற காற்று இலையைச் சீவிவிடும் என்று, பழைய வேட்டிகளை ஏசி தண்ணீரில் நனைத்துத் தொட்டிக்கு ஒன்றாகச் சுற்றிக் கட்டினேன். கண்ணாடியை ஏற்றச் சொன்னேன், பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. லாட்ஜ் வாசலில் ஒவ்வொன்றாக வேட்டியை அவிழ்த்து இறக்கினேன், ஒரு இலைகூட ஒடியவில்லை. ஆரோக்கியம் பின்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஐஸ் போட்டு மீனைக் கொண்டு வந்திருக்கேன், பட்டுச் சேலை கட்டிப் பொண்ணைக் கொண்டு வந்திருக்கேன், பன்னெண்டு மாப்பிள்ளைய ஒண்ணா ஏத்துனது இன்னைக்குத்தான்.”

கால் படாத இடம்

லாட்ஜிலேயே ஏசி இருந்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை போய் மாற்றிவிட்டு வருவேன். அமாவாசைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போனால் வாசல் பக்கத்து ஐந்து தொட்டிகளில் நுனி கருகியிருந்தது. ஒன்றில் இரண்டு தண்டுகள் அடியிலிருந்தே மஞ்சள். தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடல்.

அறைகளைக் கூட்டிப் பெருக்கும் பாண்டியம்மாவை விசாரித்ததும் விஷயம் வெளியே வந்தது. யாத்திரை வருகிறவர்கள் அக்னி தீர்த்தக் கடல் தண்ணீரையும் கோயில் கிணறுகளின் தீர்த்தத்தையும் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துவந்து, கொண்டுபோனது போக மிச்சத்தை அறையில் விட்டுவிட்டுப் போவார்கள். தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, கால் படுகிற இடத்திலும் ஊற்றக்கூடாது. அந்த அம்மா இடம் தேடித் தேடி, என் மூங்கிலுக்கு ஊற்றியிருக்கிறார். செடி நல்லா வரணும் என்று வேண்டிக்கொண்டே ஊற்றினேன் என்றார்.

தண்டுகளை எடுத்து, வேரையும் கல்லையும் ஏசி தண்ணீரில் மூன்று நாள், நாளுக்கு மூன்று தடவை கழுவினேன். கருகிய நுனியை இலையின் வடிவத்துக்கே சரித்துக் கத்தரித்தேன், பக்கத்தில் வந்து பார்த்தாலும் தெரியாது. மஞ்சளான தண்டு மட்டும் திரும்பப் பச்சையாகாது. அந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டேன். அந்த உயரத்துக்குத் தண்டு இருந்தது ஒரே இடத்தில்தான். வீட்டுக்குப் போய், சன்னலோரத்தில் நின்ற செல்வியின் குவளையிலிருந்து இரண்டை எடுத்து வந்தேன். ஒன்றை விட்டுவைத்தேன்.

தீர்த்தத்துக்கும் ஒரு வழி வேண்டுமே. கடற்கரையில் உப்பிலேயே நிற்கிற தாழைக் கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்து, முற்றத்து மூலையில் யாரும் மிதிக்காத இடத்தில் கொண்டுவந்து வைத்தேன். இனிமேல் இதற்கு ஊற்றுங்கள் என்றேன். சிவனுக்கு ஆகாத தாழையிலா தீர்த்தத்தை ஊற்றுவது என்று பாண்டியம்மா பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உத்தரகோசமங்கையில் அந்தச் சிவனுக்கே தாழம்பூ சாத்துகிறார்களே என்று நினைவுபடுத்தினேன். பாட்டிலை முன்னால் கொண்டுவந்து மூடியைத் திறந்தார்: “அங்கன சாமிக்கே ஆகுதுன்னா, இங்கன லாட்ஜுக்கு ஆகாமலா போயிரும்.”

நகம்

தை அமாவாசை அன்று வரவேற்பறையில் ஈரத் துணியும் பையுமாக நிற்க இடமில்லை. முதலாளி வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராகத் தொட்டிகளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. முத்துவேலைத் தனியே அழைத்து, செடியெல்லாம் செத்ததை மறைத்து, தன்னைக் கேட்காமல் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துவிட்டாயா என்று கேட்டார். முத்துவேல் இல்லை என்றார், அவர் நம்பவில்லை. என்னைக் காட்டினார், என்னையும் நம்பவில்லை. கடைசியில் அவரே குனிந்து, வாசல் பக்கத்துத் தொட்டியில் ஒரு தண்டைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார்.

அது செல்வியின் குவளையிலிருந்து வந்த தண்டு. எனக்கு ஒரு கணம் என் கையிலேயே நகம் பட்டதுபோல் இருந்தது. நகக்கண்ணில் ஈரமாக, பச்சையாக ஒட்டியது. அவர் அதைத் துண்டில் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மற்றப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார், நகம் வைக்கவில்லை. பாண்டியம்மா துடைப்பத்தோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதில் நிமிர்ந்து, முதலாளி முத்துவேலைப் பார்த்துச் சொன்னார்: “பிளாஸ்டிக்காரனை வர வேணாம்னு சொல்லிருய்யா. மேல் மாடிக்கும் இவரே பாக்கட்டும். இவரு செடி பிளாஸ்டிக்கை விட நல்லாவே இருக்கு.”

அந்தத் தெருவில் இப்போது நான்கு லாட்ஜ்களின் செடிகளும் என் பொறுப்புதான், பூச்சி அரிக்காமல் காப்பதைவிட, அவற்றின் மேல் யாரும் பிரியம் வைத்துவிடாமல் காப்பதுதான் என் பெரிய வேலை.