சின்னம்மாவின் ராகுகாலம்

"கொம்பியூட்டருக்கு ஆர் ராகுகாலம் சொல்லிக் குடுத்தது?" என்று குண்டூசியை உதட்டில் கடித்தபடி கேட்டார் சின்னம்மா.

பிறருடைய கடைகளில் இருபது வருடம் தைத்தவர். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில், பிளவுஸ் தைக்கும் சிறு கடையொன்றை இப்போது தானே எடுத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை திறப்பு. பலசரக்குக் கடை தந்த நாட்காட்டியில் வெள்ளி ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டேகாலுக்குப் பால் காய்ச்சலாம் என்று நினைத்திருந்தார்.

என்னை உறுத்தியது அந்த நாட்காட்டிதான். தையிலும் ஆடியிலும் அதில் ஒரே நேரம். ராகுகாலம் என்பது உதயம் முதல் மறைவு வரையான பகலில் எட்டில் ஒரு பங்கு. வெள்ளிக்கு நான்காவது பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் ஊரில் அது பத்தரைக்குத் தொடங்கும். பாரிஸ் ஜூலையிலோ இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் யன்னலில் வெயில் நிற்கும். இங்கே எட்டில் ஒரு பங்கு எவ்வளவு?

எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். கணினி படித்துக்கொண்டிருந்தேன். "நான் கணக்குப் போட்டுச் சொல்லுறன்" என்றேன். அதற்குத்தான் சின்னம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஊரையும் நாளையும் கொடுத்தால் சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களைச் சொல்லும் இணையச் சேவை ஒன்று இருந்தது. மனிதர் வாசிக்கும் பக்கமல்ல. நம் நிரல் கேட்கும், அது பதில் அனுப்பும். நேராகக் கேட்பதென்றால் நீண்ட முகவரி எழுதி, வரும் பதிலைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலையையெல்லாம் மெல்லிய உறைபோல் மூடிவைத்த ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்தார்கள். ஒரே வரியில் கேட்டேன். விடையில் வந்த பகலை எட்டாகப் பிரித்தேன். ராகுகாலம் பத்துக்குச் சற்று முன் தொடங்கி, பன்னிரண்டுக்குச் சற்று முன் முடிந்தது. நாட்காட்டியோடு கிட்டத்தட்டப் பொருந்தியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "பன்னிரண்டேகால் திறம் நேரம்" என்று போனில் சொன்னேன். சின்னம்மா எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்.

மறுநாள் அம்மாவுக்குப் பெருமையோடு காட்டும்போதுதான் உதய நேரத்தையும் திரையில் வரவைத்தேன். 3:58. அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறவர்.

"விசரே உனக்கு? நான் நாலரைக்கு வெளிக்கிடேக்கை ரோட்டு லைட் எரியுது."

லைப்ரரியைத் திறந்து பார்த்தேன். அறுபது வரிகூட இல்லை! இவ்வளவு சின்னதா என்று வியந்தபடி, அதை ஒதுக்கிவிட்டுச் சேவையிடம் நேராகக் கேட்டேன். வந்த பதிலில் நேரத்துக்குப் பின்னால் ஒரு குறி இருந்தது: இது கிரீன்விச் நேரம். லைப்ரரி அந்தக் குறியை வெட்டிவிட்டு மணியை மட்டும் என்னிடம் தந்திருந்தது. கோடையில் பாரிஸ் அதற்கு இரண்டு மணி நேரம் முந்தியது. அப்படியானால் உண்மையான ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து இரண்டு. சின்னம்மா பால் காய்ச்சவிருந்தது அதற்குள்.

அன்று மாலையே கடைக்குப் போனேன்.

"சின்னம்மா, பிழை விட்டிட்டன்."

"நீயோ, கொம்பியூட்டரோ?"

"நான்தான். அது லண்டன் பக்கத்து நேரம். பார்க்காமல் சொல்லிப்போட்டன்."

"லண்டன்காரர் எங்கடை பாலிலையும் கை வைச்சிட்டாங்களோ!" சிரித்தவர், உடனே சிரிப்பை நிறுத்தினார். "இருபது வருசம் காத்திருந்த கடை, பிள்ளை. இப்ப சொல்லுறது சரியெண்டு எப்பிடி நம்பிறது?"

"நாளைக்கு ஆறு மணிக்கு முதல் எழும்பி யன்னலாலை பாருங்கோ. ஆறுக்கு ரெண்டு நிமிசம் இருக்கேக்கை சூரியன் வரவேணும்."

பாரிஸ் புறநகரான திரான்சியில் எட்டாம் மாடி அவருடைய வீடு. காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது.

"ஓம், வந்திட்டுது. ரெண்டேகாலுக்கு வைப்பம். எல்லாருக்கும் நீதான் திருப்பிச் சொல்லவேணும்."

ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். ஏன் மாறியது என்பதையும் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டேகாலுக்குத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பால் பொங்கியது.

கிரீன்விச் நேரம் என்ற அந்தக் குறியை வெட்டாமல் காப்பாற்றும் நான்கு வரிகளை எழுதி, லைப்ரரியை எழுதியவருக்கு அன்று காலையே நான் அனுப்பிவிட்டிருந்தேன்.